ஒருக்களித்துப் படுத்தால் காலையில் கழுத்து பிடித்துக்கொள்கிறது: தலையணை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

நங்கநல்லூர்வாசி

வணக்கம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதிலிருந்தே வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். மல்லாந்து படுத்தால் குறட்டை, வீட்டில் மற்றவர்கள் தூங்க முடியாது. இத்தனை காலம் கழுத்தில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இந்த வருடம் வீடு மாறியபோது பழைய தேங்காய் நார் மெத்தையைக் கொடுத்துவிட்டு எட்டு அங்குல ஃபோம் மெத்தை வாங்கினோம். தலையணை மட்டும் பழையதுதான், நன்றாக அடைத்த இலவம் பஞ்சுத் தலையணை.

அதிலிருந்து பாதி நாள் காலையில் கழுத்து இறுகிக்கிடக்கிறது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தலையை மட்டும் திருப்ப முடியவில்லை, உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. பத்து மணி வாக்கில் தானாகவே இளகிவிடுகிறது.

டாக்டரிடம் காட்டினேன். கையில் பலம், உணர்ச்சி எல்லாம் பார்த்துவிட்டு, நரம்பில் பிரச்சினை இல்லை, தசை இறுக்கம்தான், தலையணையைக் கவனியுங்கள் என்றார். குழப்பம் அங்கேதான். ஒரு கடையில் உயரமாக வாங்குங்கள் என்கிறார்கள். இன்னொரு கடையில் நடுவில் பள்ளம் வைத்த ஒன்றைக் காட்டி நாலாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். பெரியப்பா தலையணையே வேண்டாம் என்கிறார். உயரத்துக்கு ஏதாவது கணக்கு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் மாமி

உங்கள் பெரியப்பா சொல்வதுதான் சரி தம்பி. எங்கள் வீட்டில் என் மாமியார் கடைசி வரை தலையணை வைத்ததே இல்லை. வெறும் பாய்தான். எண்பது வயதிலும் கழுத்து நேராக இருந்தது. தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வாரம் படுத்துப் பாருங்கள்.

பிசியோ வேளச்சேரி

மாமி, உங்கள் மாமியார் எப்படிப் படுப்பார்? மல்லாந்தா, ஒருக்களித்தா?

பெரம்பூர் மாமி

மல்லாந்துதான். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் தூங்குவார்.

பிசியோ வேளச்சேரி

அதுதான் விஷயம். மல்லாந்து படுப்பவருக்குத் தலையின் பின்பக்கத்துக்கும் படுக்கைக்கும் இடைவெளி மிகக் குறைவு. மெல்லிய தலையணை போதும், சிலருக்கு இல்லாமலும் முடியும். ஒருக்களித்துப் படுக்கும்போது நடுவே ஒரு முழுத் தோள் வந்துவிடுகிறது. காதிலிருந்து தோளின் வெளி ஓரம் வரை பெரும்பாலான பெரியவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ. இருக்கும். அந்த இடத்தை எதுவும் நிரப்பாவிட்டால் தலை படுக்கையை நோக்கித் தொங்கும். மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. அவ்வளவு எடை இரவு முழுவதும் கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் தசையும் மூட்டும் சும்மா இருக்காது. ஆகவே ஒருக்களித்துப் படுப்பவர் தலையணையை விட்டுவிடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நங்கநல்லூர் சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. நீங்கள் மாற்றியது மெத்தையை. தேங்காய் நார் மெத்தை கெட்டியானது, தோள் அதில் அதிகம் அமுங்காது. அதற்குப் பொருத்தமான உயரத்தில்தான் உங்கள் பழைய தலையணை இருந்திருக்கிறது. புது ஃபோமில் தோளும் விலாவும் அமுங்கிவிடுகின்றன. தோள் கீழே போனால் இடைவெளி சுருங்கும். அதே தலையணை இப்போது அதிக உயரம். தலை மேல் தோளை நோக்கித் தள்ளப்படுகிறது.

இது என் ஊகம், உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் படுப்பது போலப் படுங்கள். தலையணை அமுங்கி நிலைக்க ஒரு பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் வீட்டில் யாரையாவது மொபைலைப் படுக்கை மட்டத்துக்கு இறக்கி, முன்னாலிருந்து ஒரு படம், முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்படத்தில் மூக்கு, தாடை, நெஞ்செலும்பின் மேல் பள்ளம் மூன்றும் ஒரே கோட்டில், படுக்கைக்கு இணையாக இருக்க வேண்டும். மூக்கு மேலே ஏறியிருந்தால் தலையணை உயரம். மெத்தைப் பக்கம் சரிந்திருந்தால் தாழ்வு. வலி எந்தப் பக்கம் என்பதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், அது ஏமாற்றும். சுருங்கிய பக்கமும் வலிக்கலாம், இழுபட்ட பக்கமும் வலிக்கலாம்.

திருவல்லிக்கேணி பாய்வீடு

நான் கோரைப் பாயில் தரையில் படுப்பவன், பத்தமடைப் பாய். ஒருக்களித்துத்தான் படுப்பேன். எனக்கு ஒரு தலையணை போதாது, இரண்டு வைத்தால்தான் சுகம். இரண்டு வைத்தால் கழுத்து கெட்டுப்போகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தரையில் படுக்கும் எனக்கு அது சரிதானா?

பிசியோ வேளச்சேரி

படம் எடுத்துப் பார்த்துக் கோடு நேராக இருந்தால் சரிதான். தரை துளியும் அமுங்காது, முழுத் தோள் அகலத்தையும் தலையணைதான் தாங்க வேண்டும். அகன்ற தோள் உள்ள ஆண் தரையில் படுத்தால் ஒரு சாதாரணத் தலையணை போதாமல் போவது இயல்பு. தலையணையின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், தலை அழுத்திய பிறகு மிஞ்சும் உயரத்தைப் பாருங்கள். ஆனால் ஒன்று, இரண்டு தலையணைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி இரவில் விலகும். மேலே ஒன்றும் கீழே நான்காய் மடித்த ஜமக்காளமும் வைத்தால் அசையாது.

தோளுக்கு அடியில் மட்டும் ஒரு போர்வையை மடித்து விரியுங்கள். தரையில் தோள் எலும்பு நேராக அழுந்துவது நாளடைவில் தோள் வலியாக மாறும்.

மெத்தைக்கடை ஓய்வு

சௌகார்பேட்டைப் பக்கம் எங்கள் குடும்பம் பல வருடம் மெத்தை, தலையணை வியாபாரம் செய்தது. பஞ்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நங்கநல்லூர் தம்பி புதுத் தலையணை வாங்கத் தேவையே இருக்காது. இலவம் பஞ்சின் நல்ல குணம், அதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஓரத் தையலைப் பிரித்து இரண்டு கைப்பிடி பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தால் உயரம் இறங்கிவிடும். ஃபோமில் அது முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். எடுத்த பஞ்சை ஒரு துணிப்பையில் கட்டி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் பஞ்சு அமுங்கும்போது திரும்பச் சேர்க்கலாம்.

இலவம் பஞ்சின் இழை உள்ளே வெற்றுக் குழாய் மாதிரி. காற்று நிறைந்தது, அதனால்தான் அவ்வளவு லேசு. ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். எங்களுக்குப் போடியிலிருந்து சரக்கு வரும். அந்தக் குழாய் நசுங்கினால் உயரம் போய்விடும். சென்னை ஈரக் காற்றில் சீக்கிரம் நசுங்கும். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பி, கையால் தட்டி எடுத்தால் கொஞ்சம் உயிர் வரும். தண்ணீரில் மட்டும் நனைக்காதீர்கள், கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். உறையைத் துவைத்தால் போதும்.

தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்து, விலை மலிவாகவும் இருந்தால் அதில் கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறது. அது சில மாதத்தில் பலகை ஆகிவிடும். அதில் படுத்தால் காது வலிக்கும், கழுத்துக்கும் பயன் இல்லை.

ஓஎம்ஆர் இரவுப்பணி

என் பிரச்சினை கொஞ்சம் வேறு, ஆனால் இதே இழையில் கேட்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறேன். இடது பக்கம் படுத்து, இடது கையைத் தலையணைக்கு அடியில் நுழைத்துக்கொள்வேன். எழுந்திருக்கும்போது கை மரத்துப்போய், ஊசி குத்துவது போல் இருக்கிறது. உதறினால் சரியாகிறது. இது கழுத்து எலும்புத் தேய்மானமா? இணையத்தில் படித்துப் படித்துப் பயமாகிவிட்டது.

பிசியோ வேளச்சேரி

பயப்படாதீர்கள். கை தலைக்கு மேலே போய், அதன் மேல் தலையின் எடையும் விழுந்தால், தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே போகும் நரம்புக் கொத்து அழுந்தும். கையை எடுத்து உதறியதும் சரியாகிறது என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான். எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் என்றால் முழங்கையை மிகவும் மடக்கி வைப்பதால் அங்கே ஒரு நரம்பு அழுந்துகிறது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டை மடக்கித் தூங்குவது காரணமாகலாம், நாளெல்லாம் கீபோர்டில் வேலை செய்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். கழுத்து நரம்பு அழுந்தினாலும் சில சமயம் அதே விரல்கள் மரக்கும். ஆகவே பகலிலும் மரப்பு இருந்தால், பொருள் கை தவறி விழுந்தால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

இப்போதைக்கு: கீழ்க்கையைத் தலையணைக்கு அடியில் கொண்டுபோகாமல் முகத்துக்கு முன்னால், முழங்கை லேசாக மடங்கிய நிலையில் விடுங்கள். மேல்கைக்கு ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மேல் தோள் முன்பக்கம் சரிந்து, கழுத்தையும் கூடவே முறுக்கும். கையைத் தலைக்கு அடியில் வைக்கத் தோன்றுவதே தலையணை தாழ்வு என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். உயரத்தைச் சரிசெய்தால் கை தானாக வெளியே வந்துவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்

இவ்வளவு எதற்கு? எங்கள் ஏரியா சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. சடக் என்று சத்தம் வரும், கழுத்துப் பிடிப்பு போய்விடும். நங்கநல்லூர் நண்பர் ஒருமுறை முயற்சி செய்யலாம்.

பிசியோ வேளச்சேரி

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். இதை நான் மிகவும் அக்கறையோடு சொல்கிறேன்.

கழுத்து எலும்புகள் ஏழு. அவற்றின் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு இரண்டு ரத்தக் குழாய்கள் ஏறிப் போகின்றன. திடீரென்று கழுத்தைத் திருகினால் அந்தக் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அரிதுதான், ஆனால் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது, அதுவும் இளம் வயதினரிடம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மேல் கழுத்து மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம், அவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

கழுத்தைத் திருகிய பிறகு தலைசுற்றல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி, இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்

இவ்வளவு ஆபத்து என்று யாரும் இதுவரை சொன்னதில்லை சார். அந்த சலூன்காரரிடமும் சொல்கிறேன். அவருக்கும் தெரிந்திருக்காது. அப்போ கழுத்து பிடித்துக்கொண்டால் அன்றைக்கு என்னதான் செய்வது?

பிசியோ வேளச்சேரி

பொறுத்துக்கொள்ளும் சூட்டில் ஒத்தடம், கால் மணி நேரம். அப்புறம் வலி தொடங்கும் எல்லை வரை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பழகுங்கள், அதைத் தாண்டி அழுத்த வேண்டாம். கழுத்தை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்தால் இறுக்கம் நீடிக்கும். கழுத்துப் பட்டையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். எழுந்திருக்கும்போது தலையை முதலில் தூக்காமல், ஒருக்களித்த நிலையிலேயே காலைக் கட்டிலிலிருந்து கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். சாதாரணப் பிடிப்பு சில நாளில் விட்டுவிடும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தால், கை கால் பலம் குறைந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், அல்லது கழுத்து, தாடை, இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், தலையணை ஆராய்ச்சிக்கு அது நேரமில்லை. நேரே மருத்துவமனை.

மடிப்பாக்கம் அம்மா

என் மகளுக்கு ஏழாம் மாதம். இடது பக்கமே படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவெல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கழுத்தும் இடுப்பும் வலி என்று அழுகிறாள். புரண்டு படுக்கலாமா கூடாதா?

பிசியோ வேளச்சேரி

புரளலாம் அம்மா. கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், அதைத் தவிர்க்கத்தான் ஒருக்களிக்கச் சொல்கிறார்கள். இடது நல்லது, வலது படுத்தாலும் தவறில்லை. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதறாமல் திரும்ப ஒருக்களித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவருடைய டாக்டர் வேறு காரணத்துக்காகக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

இடுப்பு வலிக்கு இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, கணுக்கால் வரை நீளமாக. வயிற்றுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. முழங்கால் தலையணை கர்ப்பிணிகளுக்கு மட்டுமல்ல, ஒருக்களித்துப் படுக்கும் எல்லோருக்கும்தான். மேல்கால் முன்னால் விழுந்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு முதுகு வழியாக மேலே தோள் வரைக்கும் வரும்.

கொளத்தூர் குமாஸ்தா

நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இடது பக்கம்தான் நல்லது என்று என் டாக்டர் சொன்னார். உணவுக்குழாய்க்குக் கீழே இரைப்பை தொங்குவதால் அமிலம் மேலே ஏறாதாம். எனக்கு நிஜமாகவே பலன் கிடைத்தது.

மெமரி ஃபோம் தலையணை பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஏசி இல்லை.

மெத்தைக்கடை ஓய்வு

அது 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளுக்கு உருவாக்கிய பொருள். சூட்டுக்கு இளகுவது அதன் குணம். ஏசி கடையில் அழுத்திப் பார்த்தால் கெட்டியாகத் தெரியும். சித்திரை மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அதே தலையணை தொளதொளவென்று இறங்கும், தலைச் சூடும் வெளியே போகாது. ஏசி இல்லாதவர்களுக்கு இலவம் பஞ்சு, இல்லாவிட்டால் துளை போட்ட ரப்பர் லேடெக்ஸ். லேடெக்ஸ் விலை அதிகம், ஆனால் உயரம் மாறாமல் வருடக்கணக்கில் நிற்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு உயரம் நிற்பதுதானே முக்கியம்?

நங்கநல்லூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. மனைவி படம் எடுத்தார். பிசியோ சார் ஊகித்தது அப்படியே இருந்தது, மூக்கு நன்றாக மேலே ஏறி நிற்கிறது. தையலைப் பிரிப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க, மகனுடைய தட்டையான தலையணைக்கு அடியில் மடித்த வேட்டிகளை வைத்து, ஒவ்வொரு மடிப்பாகக் கூட்டிக் குறைத்துப் படமெடுத்தோம். கோடு நேரான உயரத்தை அளந்தால், தலை அழுத்திய நிலையில் ஒன்பது செ.மீ. பழையது அதே நிலையில் பதின்மூன்று. அப்புறம்தான் பஞ்சைக் குறைத்தேன். காலை இறுக்கம் பெருமளவு குறைந்துவிட்டது, வண்டியைத் திரும்பிப் பார்த்தே எடுக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருப்பது போல் தோன்றுகிறது. தலை தாங்குகிறது, கழுத்து தொங்குகிறது.

பிசியோ வேளச்சேரி

மிக்க மகிழ்ச்சி சார். கைத்துண்டு ஒன்றைச் சுருட்டித் தலையணை உறைக்குள், தோள் பக்க ஓரத்தில் நீளவாக்கில் செருகுங்கள். மெல்லிய சுருள் போதும், ஈரோட்டுத் துண்டு என்றால் பாதியாக மடித்துச் சுருட்டுங்கள். தலையணையின் ஓரம் தோளைத் தொட வேண்டும், தோள் அதன் மேல் ஏறக் கூடாது. தோளும் ஏறிவிட்டால் அளந்த உயரத்துக்குப் பொருள் இல்லை.

படுத்துக்கொண்டு மொபைல் பார்ப்பீர்களா? ஒருக்களித்துக் கையில் பிடித்துப் பார்க்கும்போது தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்துவிடும், அதே நிலையில் தூக்கமும் வந்துவிடும். உயரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் இது கெடுத்துவிடும். பார்வை நேராக இருக்கும் நிலையில் கண்ணை மூடுங்கள்.

ராயபுரம் அக்கா

அப்பாவுக்கு எழுபத்தைந்து, சர்க்கரை உண்டு. வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியவில்லை. அந்தப் பக்கம் படுத்தால் வலி, மறுபக்கம் படுத்தாலும் வலிக்கிறது என்கிறார். கட்டணம் கொடுத்து பிசியோதெரபி போக வசதி இல்லை.

பிசியோ வேளச்சேரி

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் நோய் மற்றவர்களைவிட அதிகம் வரும் அக்கா. இடது பக்கம் படுக்கும்போது வலி வருவதற்குக் காரணம், வலது கை தாங்கல் இல்லாமல் முன்னால் தொங்குவது. நெஞ்சுக்கு முன்னால் கனமான தலையணை ஒன்றை வைத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை முழுக் கையும் அதன் மேல் கிடக்கும்படி செய்யுங்கள். அன்றைக்கே வித்தியாசம் தெரியலாம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே பிசியோதெரபி உண்டு. அப்பாவால் போய்வர முடியாவிட்டால் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள். சர்க்கரையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

திருவல்லிக்கேணி பாய்வீடு

அக்கா, நாங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் பதிந்தோம். வந்தவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் எடுத்து வையுங்கள்.

ஓஎம்ஆர் இரவுப்பணி

கையை வெளியே எடுத்த பிறகு மரப்பு குறைந்திருக்கிறது, நன்றி. அடுத்த வாரம் ஊருக்கு ரயிலில் போகிறேன், மூன்றாம் ஏசி. அங்கே கொடுக்கும் தலையணை தட்டையாக இருக்குமே, என்ன செய்வது?

பிசியோ வேளச்சேரி

ரயில் பெர்த் கெட்டியானது, தோள் அமுங்காது. வீட்டைவிட உயரம் தேவைப்படும். கொடுக்கும் இரண்டு விரிப்புகளில் ஒன்றை நான்காய் மடித்துத் தலையணைக்கு அடியில் வையுங்கள். சின்னக் கைத்துண்டு தந்தால் சுருட்டிக் கழுத்துப் பக்கம் செருகிக்கொள்ளலாம். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுங்கள், மேல்கைக்குத் தாங்கலும் ஆச்சு, பைக்குக் காவலும் ஆச்சு. நடு பெர்த் கிடைத்தால் சுவர்ப் பக்கம் முதுகு இருக்கும்படி படுத்தால் கையை முன்னால் நீட்ட இடம் கிடைக்கும்.